கமுதிக் கோயில் வழக்கும் நாமும்

வெள்ளிவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, நம் சங்கம் வளர்ந்த கதையையே எழுதித் தருவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அதை எழுதத் தகுதியுடையோர் வேறு பலர் உளர். இங்கே எடுத்துக்கொண்டது, நூறாண்டுகட்கும் முன்னர் நம் வட்டாரத்தில் எழுந்து இலண்டன் வரை சென்ற ஒரு கோயில் வழக்கு. அவ்வழக்கில் நம்மவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். ஆயினும் அதில் அடங்கிய கேள்வி நம்முடையது. ஒரு பொதுச் சொத்து காப்பவருக்கு உரியதா, அதனால் பயன்பெறுவோர்க்கு உரியதா? பயன்பெறுவோர் இன்னார் என்று வரையறுப்பவர் யார்? இருபத்தைந்து ஆண்டுகளில் மனையும் கட்டடமும் வைப்புத் தொகையும் சேர்த்துவிட்ட ஒரு கல்விச் சங்கம் இக்கேள்வியைத் தள்ளிவைக்க இயலாது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள கமுதி, அக்காலத்தில் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்ட வணிக ஊர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகியவற்றைப் போலவே அங்கும் நாடார் வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்தனர். அவ்வூர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில், சேதுபதி மன்னர்களின் பரம்பரைத் தர்மகர்த்தாப் பொறுப்பில் இருந்தது. பரம்பரை என்னும் சொல்லை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும். கோயில் ஊருக்குப் பொது; ஆனால் அதன் சாவி ஒரு குடும்பத்தின் கையில். தந்தைக்குப்பின் மகன் என்ற முறையில் இறங்கிவரும் பொறுப்பு, காலம் செல்லச் செல்ல உடைமை போலவே தோன்றத் தொடங்குவது எங்கும் காணும் இயல்பு.

1897 மே மாதத்தில் கமுதி நாடார்களில் ஒரு குழுவினர் அக்கோயிலுக்குள் சென்று தாமே வழிபாடு செய்தனர். மாமூலுக்கு மாறாகக் கோயில் தீட்டுப்படுத்தப்பட்டது என்று கூறி, அடுத்த ஆண்டில் தர்மகர்த்தாவாகிய பாஸ்கர சேதுபதி மதுரைச் சார்பு நீதிமன்றத்தில் தாவா தொடுத்தார். நாடார்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை இல்லை என்று விளம்ப வேண்டும், இனி நுழையாதவாறு தடை விதிக்க வேண்டும், தீட்டுக் கழிக்கும் செலவையும் பெற்றுத்தர வேண்டும் என்பன அவர் கோரிக்கைகள்.

பாஸ்கர சேதுபதியைப் பழைமையிலேயே ஊறிய ஜமீன்தார் என்று ஒதுக்கிவிட இயலாது. சுவாமி விவேகானந்தர் சிகாகோ செல்வதற்கு ஊக்கமளித்தவர்களுள் அவரும் ஒருவர். 1897 ஜனவரியில் சுவாமிகள் பாம்பனில் வந்திறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. அந்த வரவேற்புக்கும் கமுதி நிகழ்ச்சிக்கும் இடையே கழிந்தவை நான்கே மாதங்கள்! வாரி வழங்கிய வள்ளல் என்ற பெயரும், அதனாலேயே வந்த கடன் சுமையும் அவருக்கு இருந்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே அவர் பிரதிவாதிகளுடன் ஒரு ராஜிக்கு உடன்பட்டார். அவர்களைக் கோயிலுக்குள் அனுமதிக்க இசைந்தார். அதற்குக் காரணம் மனமாற்றமா, பணமுடையா என்று இருவகையாகவும் பேசப்படுவதுண்டு. எதுவாயினும், வழக்குத் தொடுத்தவரே கதவைத் திறக்க முன்வந்துவிட்டார் என்பது உண்மை.

அங்கேதான் குடும்பம் குறுக்கிட்டது. சேதுபதிக்கு உறவினரும் பாலவனத்தம் ஜமீன்தாருமாகிய பாண்டித்துரைத் தேவர், வேறு சிலருடன் சேர்ந்து தம்மையும் வாதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மனுச்செய்தார். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாண்டித்துரைத் தேவர்தாம் இவர். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவரே. தமிழுக்கும் நாட்டுக்கும் கைகொடுத்த ஒருவர் கமுதியில் கதவடைக்கும் பக்கம் நின்றார் என்பதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அவர் தரப்பின் வாதம் சுருக்கமானது. கோயில் மன்னருக்குச் சொந்தமன்று. அவர் காவலர் மட்டுமே. வழிபடுவோர் யாவருக்கும் பொதுவான ஒன்றைத் தனி ஒருவர் ராஜி பேசி விட்டுக்கொடுக்க இயலாது. நீதிமன்றம் மனுவை ஏற்றது. வழக்கின் உருவமே மாறிவிட்டது. தர்மகர்த்தாவுக்கும் நாடார்களுக்கும் இடையே தொடங்கிய வழக்கு, தர்மகர்த்தாவின் செயலைத் தடுக்க முனைந்த உறவினரின் வழக்காகவும் ஆயிற்று.

பிரதிவாதிகள் தங்கள் தரப்பில் வைத்த முதன்மையான வாதம், தாங்கள் பாண்டிய மரபினரான க்ஷத்திரியர் என்பது. எதிர்த்தரப்போ பனையேறும் தொழிலைச் சுட்டிக்காட்டி, ஆகமமும் மாமூலும் அத்தொழிலார்க்குக் கோயில் நுழைவை மறுக்கின்றன என்றது. சாட்சிகளும் ஏடுகளும் சாத்திரங்களும் நீதிமன்றத்தில் குவிந்தன.

வழக்கு தீர்ப்பை எதிர்நோக்கி இருந்த வேளையில்தான் சிவகாசி எரிந்தது. அங்கும் விசுவநாதர் கோயிலில் நுழையும் உரிமை பற்றியே பூசல் மூண்டிருந்தது. 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஊரைத் தாக்கினர். நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. உயிர்கள் மாண்டன. அந்த ஆண்டு முழுதும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் பல ஊர்களில் கலவரம் பரவியது. பெருந்தொகையினர் கைதாகித் தண்டனை பெற்றனர். சிலர் தூக்குமேடை ஏறினர். அடுத்த மாதமே, 1899 ஜூலையில், மதுரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடார்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை மாமூலால் நிறுவப்படவில்லை என்பது முடிவு. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதற்கிடையில், 1903-இல், பாஸ்கர சேதுபதி தம் 35-ஆம் வயதில் காலமானார். அவர் மகன் ராஜராஜேசுவர சேதுபதியின் பெயரில் வழக்குத் தொடர்ந்தது. 1908-இல் பிரிவி கவுன்சிலும் அதே முடிவுக்கு வந்தது. சட்ட நூல்களில் இவ்வழக்கு, சங்கரலிங்க நாடான் எதிர் ராஜா ராஜேசுவர துரை என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது.

பிரிவி கவுன்சில் சொன்னது யாது? ஒரு தருமத்தைக் காக்கும் பொறுப்பில் உள்ளவர், அத்தருமத்தின் மாமூலுக்கு மாறாகத் தாமே உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரம் இல்லாதவர். அவ்வாறு செய்வது நம்பிக்கைத் துரோகம். ஆகவே அந்த ராஜி செல்லாது.

இத்தீர்ப்பில் இரண்டு கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காப்பவர் உடைமையாளர் அல்லர் என்பது முதற்கூறு. இது எக்காலத்துக்கும் பொருந்தும் நல்ல விதி. கோயில் நிலத்தை உறவினர்க்குக் குத்தகைக்கு விடும் தர்மகர்த்தாவையும், பள்ளி மனையைத் தம் மகன் பெயருக்கு மாற்றும் தாளாளரையும் பிடித்து நிறுத்துவது இவ்விதிதான். பயன்பெறுவோர் இன்னார் என்பதை மாமூலே முடிவு செய்யும் என்பது இரண்டாம் கூறு. நேற்றுவரை வெளியே நிறுத்தப்பட்டவர், நேற்றுவரை நிறுத்தப்பட்டார் என்ற காரணத்தாலேயே நாளையும் வெளியே நிற்பார். முதற்கூறு இரண்டாம் கூற்றுக்குக் காவலாக நிறுத்தப்பட்டதுதான் கமுதி வழக்கின் துயரம். மனம் மாறி ஒரு தர்மகர்த்தா கதவைத் திறந்தாலும் சட்டம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளும் என்ற நிலை 1908 முதல் உறுதியாகிவிட்டது.

தோற்ற சமூகத்தார் அயர்ந்து உட்காரவில்லை. அவர்களிடம் உறவின்முறையும் மகமையும் இருந்தன. வணிகர் ஒவ்வொருவரும் தம் கொள்முதல், விற்பனைக்கு ஏற்ப ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு ஒதுக்குவது மகமை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துச் சேர்த்து க்ஷத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை நடத்தினர். காமராசர் பயின்ற பள்ளி அது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று வந்து சிவகாசியில் தொடங்கினர். எரிந்த ஊர் ஒரு தலைமுறைக்குள் தொழில் நகரமாக எழுந்தது. இதில் நாம் கற்றுக்கொள்ள உண்டு; கற்றும் இருக்கிறோம். நம் சங்கத்தின் மாதச் சந்தா, மகமையின் எளிய தம்பி என்று சொன்னால் பிழையாகாது.

ஆனால் அந்த நாளில் நம் முன்னோர் எங்கே இருந்தனர்? கமுதி வழக்கின் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஏடுகள் குறிக்கும் நம் மக்கள் கோயிலுக்கு வெளியே என்பதே அது. அதைப்பற்றி வழக்கே எழவில்லை. உள்ளே செல்ல உரிமை கேட்டவர்கள் ‘நாங்கள் க்ஷத்திரியர்’ என்றுதான் கேட்டார்களே அன்றி, ‘எல்லாரும் வரலாம்’ என்று கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய சட்டம் அவர்களுக்கு அந்த ஒரு வாசலைத்தான் காட்டியது. பயனாளிகள் பட்டியலில் இடம் வேண்டும் என்று ஒருவர் வழக்காடும்போது, பட்டியலின் கடைசிக் கோட்டைத் தமக்குக் கீழே இழுக்கச் சொல்வது எளிது. கோட்டையே அழிக்கச் சொல்வது அரிது.

அக்கோட்டைக் கடந்த நாள் 1939 ஜூலை 8. அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் ஆதிதிராவிடர் ஐவரும் நாடார் ஒருவரும் நுழைந்தனர். ஐவருள் ஒருவர், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன். இந்நிகழ்ச்சியை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதனை ஒட்டிப் பிறந்த சட்டத்தின் பெயரை நோக்கியவர் சிலரே. கோயில் நுழைவு அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். யாருக்குப் பாதுகாப்பு? நுழைந்தவர்க்கு மட்டுமன்று, திறந்துவிட்ட தர்மகர்த்தாக்களுக்கும் அதிகாரிகளுக்கும்! கமுதித் தீர்ப்பு நிலைபெற்றிருந்தமையால், கதவைத் திறந்தவர் நம்பிக்கைத் துரோகம் செய்தார் என்று எவரும் வழக்குத் தொடுக்கலாம். அந்த அச்சத்தை நீக்கவே இராஜாஜியின் அரசு அதே ஜூலையில் அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதனை 1939-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டமாக நிறைவேற்றியது. இதன்படியும் கோயில் தானாகத் திறந்துவிடாது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று தர்மகர்த்தா கருதி, அரசின் இசைவையும் பெற்ற பின்பே திறக்கலாம். தர்மகர்த்தாவின் தயவையும் வழிபடுவோரின் தயவையும் ஒருங்கே எதிர்பார்த்து நின்ற சட்டம் அது. 1947-ஆம் ஆண்டின் சட்டமே அந்தத் தயவைத் தேவையற்றதாக்கியது.

உடனே வேறொரு தடை எழுந்தது. ‘இது பொதுக் கோயில் அன்று, எங்கள் குடும்பத்தினுடையது, எங்கள் குலத்தினுடையது’ என்னும் வாதம். கிராமங்களில் இன்றும் நம் செவியில் விழுவதுதான். இதனை உச்ச நீதிமன்றம் எதிர்கொண்ட இரு வழக்குகளை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டிலும் தீர்ப்பு வரைந்தவர், தமிழகத்திலிருந்து சென்ற நீதிபதி டி.எல். வேங்கடராம ஐயர்.

முதலாவது 1956-இல் முடிவானது. தேவகிநந்தன் வழக்கு எனப்படும். உத்தரப் பிரதேசத்தில், சீதாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மகப்பேறில்லாத ஒருவர் இராதாகிருஷ்ணர் கோயில் ஒன்றைக் கட்டி, அதற்குத் தம் நிலங்களை எழுதிவைத்து மறைந்தார். உடன்பிறந்தார் மகன் வழியினர் நிர்வாகத்தைக் கைக்கொண்டு, கோயில் தங்கள் குடும்பத் தருமம் என்றனர். உறவினர் ஒருவரே அதை மறுத்து, அது ஊர்ப்பொது என்று விளம்பக் கோரி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்கள் மூன்றிலும் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி: இத்தருமத்தின் பயனாளிகள் யார்? குறிப்பிட்ட சிலர் என்றால் தனித் தருமம். வரையறுக்க இயலாத பொதுமக்கள் என்றால் பொதுத் தருமம். தெய்வத்தின் பெயரில் சொத்து இருப்பினும், உண்மைப் பயனாளிகள் அங்கு வழிபடும் மக்களே என்று கூறி அக்கோயிலைப் பொதுக் கோயில் என்று நீதிமன்றம் விளம்பியது.

அடுத்த ஆண்டில் வந்தது வேங்கடரமண தேவரு வழக்கு. தென்கன்னட மாவட்டத்து மூல்கியில் உள்ள ஒரு கோயில் கௌட சாரஸ்வதப் பிராமணருக்கென்றே ஏற்பட்டது என்றும், 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தங்களைக் கட்டாது என்றும் அதன் தர்மகர்த்தாக்கள் வாதிட்டனர். கமுதி வழக்கு அங்கே மீண்டும் தலைகாட்டியது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய சட்டநிலை எத்தகையது என்பதற்கு நீதிபதி அதனை எடுத்துக்காட்டினார். பின்னர், கோயில் அவ்வகுப்பினருக்கென ஏற்பட்டதே என்று ஒப்புக்கொண்டும், அனைத்து இந்துக்களுக்கும் கதவைத் திறக்கும் அரசியலமைப்பின் 25(2)(ஆ) பிரிவு அவ்வகுப்பினரின் நிர்வாக உரிமைக்கு மேற்பட்டது என்று தீர்ப்பளித்தார். சில சடங்குகளின்போது மட்டும் பிறரை விலக்கிவைக்கலாம் என்று ஒரு சாளரத்தை விட்டுவைத்தார். எனக்கு அதில் மனநிறைவு இல்லை. எனினும், மாமூலே பயனாளியை வரையறுக்கும் என்ற 1908-ஆம் ஆண்டின் கோட்பாடு அன்றோடு அரசியலமைப்பின்கீழ் அடங்கியது.

கோயிலை விட்டுக் கல்விக்கு வருவோம். இங்கும் இதே கதைதான் வேறு உருவில். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் அறப்பணிகளுக்கென உயில் எழுதிவைத்த செல்வம், குடும்பத்தாரும் காப்பாளரும் இட்ட வழக்குகளில் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டால் மீண்டு, 1842-இல்தான் பள்ளியாக உருக்கொண்டது. அப்படி மீண்ட அறநிலையத்தின் கதவும் நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. வாரிசுகளிடமிருந்து சொத்தைக் காப்பது ஒரு வேலை. காத்ததை உரியவர் யாவர்க்கும் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை.

அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை 1945 ஜூலை 8 அன்று நிறுவினார். மதுரைக் கோயில் நுழைவு நிகழ்ந்த அதே நாள், ஆறாண்டுகள் கழித்து என்பது தற்செயலே ஆயினும் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல். அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. அவர் அதைத் தம் குடும்பச் சொத்தாக வைக்கவில்லை. கழகமாகப் பதிவு செய்தார். அவர் மறைவுக்குப்பின் அக்கழகத்தின் தலைமைக்குப் பல அணியினர் உரிமை கோரி நீதிமன்றங்களில் நின்றமை நாடறிந்த செய்தி. இதனைப் பகைவர் சொல்லி நாம் கேட்பதைவிட, நம் மலரில் நாமே எழுதிவைத்துக்கொள்வது நன்று.

இனி நம் சங்கத்துக்குப் பயன்படும் சில சட்டச் செய்திகள். ஒரு குடும்பத்தாரின் நலனுக்கென்று ஏற்படும் தனி அறக்கட்டளைக்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். அத்தகைய அறக்கட்டளையின் பயனாளிகளுக்குள் பூசல் எழுந்தால், பத்திரத்தில் நடுவர் பற்றிய ஷரத்து இருந்தாலும் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள இயலாது, நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிற்று. பயனாளிகள் அப்பத்திரத்தில் கையொப்பமிட்டவர் அல்லர் என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. பொது அறத்துக்கு வழி வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, அவ்வறத்தில் அக்கறையுடைய இருவரோ பலரோ நீதிமன்றத்தின் இசைவு பெற்று வழக்கிடலாம். அறங்காவலரை நீக்குதல், புதியவரை அமர்த்துதல், கணக்குக் கேட்டல், நிர்வாகத் திட்டம் வகுத்தல் முதலிய பரிகாரங்களைக் கோரலாம். நம்முடையதைப் போன்ற சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் வருவது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவுசெலவை வைத்தாக வேண்டும். நிர்வாகம் சீர்கெட்டால் பதிவாளரே விசாரணை நடத்தலாம். தொடக்கக்கால நிர்வாகிகளின் மக்கள் என்பதனால் எவருக்கும் நாற்காலி உரிமை இல்லை. மனை வாங்கிய நாளில் எவர் பெயரில் பத்திரம் எழுதப்பட்டிருந்தாலும், சங்கப் பணத்தில் வாங்கியது சங்கத்தினுடையதே. இதை முதலிலேயே தெளிவாக எழுதிவைக்கத் தவறியமையால் நீதிமன்றத்தில் ஆண்டுகளைத் தொலைத்த சங்கங்கள் உண்டு.

கமுதியில் பயனாளிகளின் பட்டியலை மாமூல் எழுதியது. நம் சங்கத்தில் அதனை எழுதுவது உறுப்பினர் பதிவேடு. இக்கட்டுரைக்காகப் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, தொடக்க ஆண்டுகளின் சந்தா ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியும், பட்டாசுக்குச் சரம் பின்னியும் பெற்ற வாரக் கூலியிலிருந்து சந்தா கட்டியவர் பெரும்பாலும் பெண்டிர். ரசீதுகளில் அவர்கள் பெயரே இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டில் அவ்விடத்தில் கணவர் பெயர் இருக்கிறது. கணவர் மறைந்தபின் மகன் பெயர். அப்பெண்டிருள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ரசீதுகளின் அடிப்படையில் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று கோரும் தீர்மானம் ஒன்றை, வரும் பொதுக்குழுவின் முன் வைக்குமாறு செயலாளரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன்.